மாற்றிய ஒயில் சீல் மீண்டும் ஒழுகுகிறது: பழைய ஹைலக்ஸின் பின் அக்ஸில்

2025 பெப்ரவரி 16 — முழங்காவிலில் இருந்து ஒரு கேள்வி

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கப், 2.8 டீசல், நான்கு சக்கர இயக்கம். வலது பின் சக்கரத்தின் உட்பக்கம் முழுவதும் ஒயில் வழிந்திருக்கிறது. காலபோக விதைப்புக்கு முன்னர் கராஜில் கொடுத்து ஒயில் சீல் மாற்றினோம். அறுவடை தொடங்குவதற்குள் மீண்டும் ஒழுகுகிறது. கடையில் தந்தது போலிச் சீல் என்றே நினைக்கிறேன். நல்ல சீல் எங்கே வாங்கலாம், அதை வீட்டில் வைத்தே மாற்ற முடியுமா என்று தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 16, இரவு

தம்பி, போலிச் சீலும் சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டாவது சீலும் இவ்வளவு விரைவில் ஒழுகினால், சீலைக் குற்றம் சொல்வதற்கு முன்னர் அந்தச் சீலுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பத்து விரல் அகலம்கூட இல்லாத அந்த றப்பர் வளையம், தனக்கு முன்னால் அழுத்தம் ஏறாமலும், தன் நடுவே சுழலும் தண்டு ஆடாமலும், தன் உதடு உரசும் மேற்பரப்பு வழுவழுப்பாகவும் இருந்தால் மட்டுமே ஒயிலைத் தடுத்து நிற்கும். இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலும் தோற்றுவிடும்.

முதலில், வழிவது கியர் ஒயில்தானா என்று உறுதி செய்யுங்கள். பிறேக் சிலிண்டர் ஒழுகினாலும் சக்கரத்தின் உட்பக்கம் இதே மாதிரித்தான் நனையும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, வழிந்ததில் ஒரு துளியை அதில் விடுங்கள். பிறேக் திரவம் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். கியர் ஒயில் மேலே படலமாக மிதக்கும். விரலில் தொட்டு முகர்ந்தாலும் தெரியும்: கியர் ஒயிலில் கந்தக நெடி இருக்கும், ஒரு தடவை முகர்ந்தவருக்கு அது மறக்காது.

கியர் ஒயில்தான் என்றால், வாகனத்துக்குக் கீழே படுத்து, டிபரன்சியலுக்கு, அதாவது அக்ஸிலின் நடுவே இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிக்குப் பக்கத்தில், அக்ஸில் உறையின் மேற்புறத்தில் இருக்கும் பிறீதரை (காற்றுப் போக்கியை) தேடுங்கள். சிறிய தொப்பி போட்ட முளை மாதிரி இருக்கும். அந்தத் தொப்பி விரலால் தூக்கி அசைக்கும்போது அசைய வேண்டும். ஓடும்போது உள்ளே ஒயில் சூடாகிறது, காற்று விரிகிறது. பிறீதர் அடைபட்டிருந்தால் அந்தக் காற்று வெளியேற வேறு வழி தேடும், அந்த வழி சீலின் உதடுதான். புதுச் சீல் போட்டு, அடைபட்ட பிறீதரை அப்படியே விட்டுவிட்டால் ஒரு போகம் தாங்குவதே அதிகம்.

2025 பெப்ரவரி 17

நேற்று எழுத விட்டுப்போனது ஒன்று. ஒயில் அளவையும் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் அடைப்பானைத் திறந்தால் ஒயில் துளையின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும். ஒரு பக்கத்தை ஜக்கில் தூக்கி வைத்துக்கொண்டு ஒயில் நிரப்பும் பழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் தேவைக்கு மேல் ஏறிவிடும், ஏறியது சீலின் வழியாகத்தான் இறங்கும்.

2025 பெப்ரவரி 19 — முழங்காவில்

அண்ணா, தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், மிதக்கிறது. பிறீதரைக் கழற்றினேன். குளவி கட்டிய மண் உள்ளே கல்லாக இறுகியிருந்தது. அதைக் குத்தி எடுத்துப் பெற்றோலில் கழுவிப் போட்டுவிட்டேன். இனிப் புதுச் சீல் மட்டும் போட்டால் போதும்தானே? இன்னொன்றும் கவனித்தேன், சொட்டும் ஒயில் கறுப்பாக இல்லை, பால் தேநீர் நிறமாக இருக்கிறது.

2025 பெப்ரவரி 19, மாலை

பால் தேநீர் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மார்கழியில் குளம் வான்பாயும்போது வான் வழியால் வாகனத்தை இறக்கினீர்களா? சூடாக ஓடிவந்த டிபரன்சியல் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிறீதர் வழியாகக் காற்று உள்ளே வர முடியாதபோது, சீலின் உதட்டின் வழியாகத் தண்ணீர் இழுபடும். ஆக, ஒரே குளவிக்கூடு ஒயிலை வெளியே தள்ளியும் இருக்கிறது, தண்ணீரை உள்ளே அழைத்தும் இருக்கிறது.

அந்த ஒயிலில் இனி ஒரு நாள்கூட ஓடாதீர்கள். தண்ணீர் கலந்த ஒயில், டிபரன்சியலுக்குள் ஒன்றோடொன்று உரசும் கிறவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையே படலமாக நிற்காது. சீல் சில ஆயிரம் ரூபாயோடு முடியும் காரியம், கிறவுன் பினியன் அப்படி அல்ல. பிறீதரைப் பற்றியும் ஒரு சொல்: முளை இருந்த இடத்தில் குழாய் பொருத்தும் இணைப்பு ஒன்றைப் பூட்டி, றப்பர்க் குழாயைச் சேசிஸ் வழியாக மேலே கொண்டுபோய், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கு அடியில் கட்டிவிடலாம். பின் அக்ஸில் மேலும் கீழும் ஆடும் இடமாதலால் குழாயைத் தளர்வாக விட வேண்டும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். குளவியும் ஏறவில்லை, நீரும் ஏறவில்லை.

சீல் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, சக்கரத்தைக் கையால் பிடித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பின் பக்கத்தைத் தூக்கித் தாங்கி வைத்து, கியரை நியூட்றலில் விட்டு, ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பின்னர் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மறு கையை அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தகட்டின் மேல் வையுங்கள். பெயரிங் நலமாக இருந்தால் தகட்டில் எதுவும் தெரியாது. கெட்டிருந்தால் மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் உள்ளங்கைக்கு வரும். காது ஏமாந்தாலும் கை ஏமாறாது.

2025 பெப்ரவரி 22 — முழங்காவில்

நடுக்கம் தெரிகிறது. இடது பக்கத்தில் இல்லை, வலது பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது.

2025 பெப்ரவரி 22

அப்படியென்றால் பதில் கிடைத்துவிட்டது. இந்த அக்ஸிலில் சீல் எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி தானாகப் புரியும். லொறியின் பின் அக்ஸிலில் தண்டை உருவி எடுத்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். ஹைலக்ஸில் அப்படி அல்ல. தண்டின் நுனியிலேயே சக்கரம் பூட்டப்பட்டிருக்கிறது. வாகனத்தின் பாரமும் அந்தத் தண்டில், இழுவையும் அந்தத் தண்டில். அந்தப் பாரத்தைத் தாங்குவது உறையின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு பெயரிங். அதற்கு உட்பக்கத்தில், உறைக்குள் ஓர் ஒயில் சீல் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. உட்சீல் போனால் கியர் ஒயில் முதலில் பெயரிங்குக்குள் புகுந்து அங்கிருக்கும் கிறீஸைக் கழுவித் தள்ளும். அதற்குப் பிறகுதான் வெளிச்சீலையும் கடந்து பிறேக் சூவில், அதாவது ட்ரம்மின் உட்புறத்தை உரசிச் சக்கரத்தை நிறுத்தும் கட்டையில், விழும். ரயரின் உட்பக்கத்தில் ஒயிலை நீங்கள் காணும் நாளில் பெயரிங் ஏற்கெனவே தன் கிறீஸை இழந்து பல நாட்கள் ஓடியிருக்கும். உங்கள் வாகனத்தில் ஒயிலோடு தண்ணீரும் போயிருக்கிறது.

பெயரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால், சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கி மறு பக்கம் விலகும். உங்கள் இரண்டாவது சீல் ஒழுகியதற்குப் பிறீதர் ஒரு காரணம், இது மற்றக் காரணம்.

2025 பெப்ரவரி 23

கழற்றும் வேலையைப் பற்றி. இதை வீட்டில் செய்யலாம், ஆனால் மணல் தரையில் செய்யாதீர்கள். கை பிறேக் பின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது, அதையே கழற்றப்போகிறோம், எனவே கை பிறேக்கை நம்ப முடியாது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்துக்கு அடியில் எவரும் போகக் கூடாது. சேசிஸுக்குத் தாங்கி வைத்து, தோளால் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றால் மட்டுமே தொடங்குங்கள்.

ஒயிலை வடிக்கும் முன்னர் நிரப்பும் அடைப்பானைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் 24 மில்லிமீற்றர்ச் சாவி. வடித்து முடித்த பிறகு மேலடைப்பான் திறக்க மறுத்தால் வாகனம் அதே இடத்தில் கிடக்க வேண்டிவரும்.

பிறேக் சூக்களை மூடியிருக்கும் ட்ரம் பல ஆண்டுத் துருவில் இறுகியிருக்கும், சங்குப்பிட்டிப் பக்கத்து உப்புக்காற்றில் ஓடும் வாகனங்களில் இன்னும் மோசம். சுத்தியலால் விளிம்பில் அடிக்க வேண்டாம். ட்ரம்மின் முகத்தில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர்ப் போல்ட் இரண்டை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் ட்ரம் தானே வெளியே வரும். கை பிறேக் தளர்ந்திருக்கிறதா என்று அதற்கு முன் பாருங்கள்.

பிறகு பிறேக் குழாயின் 10 மில்லிமீற்றர் நட். இதற்குச் சாதாரண ஸ்பானர் வேண்டாம், குழாய் நட்டுக்கென்று வரும், நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பானர் வேண்டும். மூலை மழுங்கிய நட்டினால் ஒரு சிறு வேலை முழுக் குழாய் மாற்றும் வேலையாகிவிடும். முதல் நாளே துருநீக்கி ஒயில் விட்டு வையுங்கள். கை பிறேக் கேபிளையும் கழற்றிய பின், பிறேக் சூக்கள் பூட்டியிருக்கும் பின்தட்டுக்குப் பின்னால், அக்ஸில் உறையின் உட்பக்கத்தில் இருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்ற வேண்டும். அவை 14 மில்லிமீற்றர். அதன்பின் தண்டு, பெயரிங், பின்தட்டு எல்லாம் ஒரே தொகுதியாக வெளியே வரும். இழுக்கும்போது ஒருவர் தட்டையும் இன்னொருவர் தண்டின் உள் நுனியையும் தாங்க வேண்டும். பாரம் அதிகம்.

2025 பெப்ரவரி 24 — வவுனியாவில் இருந்து ஒரு குறிப்பு

இவ்வளவு கஷ்டம் தேவையில்லை. 90க்குப் பதில் அதைவிடத் தடித்த 140 கியர் ஒயில் விட்டு, சீலைச் சுற்றிச் சிலிக்கன் பசை தடவினால் ஒழுக்கு நின்றுவிடும். எங்கள் கப் அப்படித்தான் ஓடுகிறது.

2025 பெப்ரவரி 24, இரவு

நண்பரே, உங்கள் கப் ஓடுகிறது என்பதை நம்புகிறேன், ஆனால் இந்த வழியை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒழுகுவது சீலின் வெளிவிளிம்பில் அல்ல, சுழலும் தண்டைத் தொடும் உதட்டில். அங்கே பசை நிற்காது. பிய்ந்து ஒயிலோடு கலந்து பற்களுக்கிடையே போகும். தடித்த ஒயில் ஒழுக்கைத் தாமதப்படுத்தலாம், ஆடுகின்ற பெயரிங்கை அது நிறுத்தாது. இந்த வாகனத்துக்கு உற்பத்தியாளர் கைநூல் கேட்பது ஜி.எல்.-5 தரத்தில் எஸ்.ஏ.இ. 90 தடிப்புள்ள ஒயில், நம் காலநிலைக்கு 80டபிள்யூ-90 போதும்.

ஒழுக்கு மெதுவாகிவிட்டால் பிறேக் சூ நனைவதும் மெதுவாகிறது, ஓட்டுபவர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். எனக்கு அதுதான் நடந்தது. பூநகரி வழியாக மன்னார் வீதியில் வந்துகொண்டிருந்தபோது குறுக்கே மாடுகள் ஏறின. பிறேக்கை மிதித்தேன். முன்பக்கம் நேராக நின்றது, பின்பக்கம் தன் வழியில் விலகி வீதியோரச் சரளையில் இறங்கியது. மாட்டுக்கும் ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து ட்ரம்மைக் கழற்றியபோது ஒரு பக்கத்துச் சூ உலர்ந்த சாம்பல் நிறத்தில் இருந்தது, மற்றப் பக்கத்துச் சூ ஈரக் கறுப்பாக மினுங்கியது. தொட்ட விரலில் கறுப்புப் பசை ஒட்டிக்கொண்டது. அந்த வாகனத்தின் தொட்டியில் ஏறி வரும் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்த இழையில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2025 பெப்ரவரி 26

பிறேக் சூவைப் பற்றித் தனியாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்: பெற்றோலில் கழுவி, நெருப்பில் காட்டி மீண்டும் போடலாமா என்று. போடக் கூடாது. சூவின் உராய்வுப் பொருள் நுண்துளைகள் கொண்டது, ஒயில் அதன் உள்ளே வரை இறங்கியிருக்கும். மேற்பரப்பு எரிந்து காய்ந்தது போலத் தோன்றும், முதல் தடவை நன்றாகச் சூடேறியதும் உள்ளிருப்பது மேலே வரும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் பிடி சமமாக இருக்காது.

பழைய சூக்களில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

2025 மார்ச் 2

பெயரிங் மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். உட்சீல் மட்டும் என்றால் தண்டை உருவி, பழையதைக் கிளப்பி, புதியதைப் போட்டுவிடலாம். பெயரிங்கை எடுக்க அழுத்தப்பொறி வேண்டும். பெயரிங்கை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது, தண்டில் இறுக்கமாக ஏற்றிய ஒரு வளையம், அதற்குப் பின்னால் ஒரு பூட்டு வளையம். அந்த வளையம் அரைகுறையாக ஏறினாலோ பூட்டு வளையம் பள்ளத்தில் சரியாக அமராவிட்டாலோ, ஓடும்போது தண்டோடு சேர்ந்து சக்கரமும் வெளியே வரலாம். எனவே தொகுதியைத் தூக்கிக்கொண்டு அழுத்தப்பொறி உள்ள பட்டறைக்குப் போங்கள். போகும்போது பக்கத்தில் நின்று சில விடயங்களைக் கவனியுங்கள்.

பழைய வளையத்தை அரைத்து வெட்டி எடுப்பதாக இருந்தால் கிறைண்டர் தண்டைத் தொடக் கூடாது. வளையத்தின் பெரும்பகுதியை அரைத்துவிட்டு, மீதியை உளியால் பிளக்க வேண்டும். தண்டில் விழும் சிறு கீறல்கூட நாளடைவில் வெடிப்பாக மாறும் இடம். காஸ் சுவாலையும் வேண்டாம், தண்டின் பதம் கெட்டுவிடும். புதிய பெயரிங்கை ஏற்றும்போது அதன் உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் பந்துகள் பாதையில் பள்ளம் பதித்துவிடும், புதுப் பெயரிங் பட்டறையிலிருந்து வெளிவரும்போதே பழையதாகிவிடும். வெளிச்சீலைப் பெயரிங்குக்கு முன்னரே மாற்றியாக வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி அழுத்தி எடுக்க நேரும். கழற்றிய வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

சீலின் உதடு ஓடிய இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அது வளையத்தின் மேல் என்றால் வளையத்தோடு போய்விடும். தண்டிலேயே என்றால், மெல்லிய உருக்குச் சட்டை ஒன்றை அதன்மேல் ஏற்றலாம், அல்லது சீலைச் சற்று முன்பின்னாக அமர்த்தி உதட்டைப் புது இடத்தில் ஓடவிடலாம்.

2025 மார்ச் 3

பாகங்கள் எங்கே என்று முதலில் கேட்டீர்கள், அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பெயரிங்குக்குக் கோயோ அல்லது என்.எஸ்.கே., சீலுக்கு என்.ஓ.கே., இவை யப்பானிய நிறுவனங்கள். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழைய சீலைக் கையோடு கொண்டுபோய், அதன் முகத்தில் பொறித்த அளவை ஒப்பிட்டு வாங்குங்கள். கடையில் பல ஆண்டு கிடந்த றப்பரும் உதவாது. உதட்டை விரலால் மடக்கினால் நெகிழ வேண்டும், விறைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது முதல் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி வந்தது வரை, இந்தப் பழைய வண்டிகளை ஓடவைத்தே நாங்கள் காலத்தைக் கடத்தினோம். அந்த ஆண்டுகளில் போலிப் பாகங்களும் பெருகின. ஆகவே உங்கள் முதற் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல.

2025 மார்ச் 15 — முழங்காவில்

பெயரிங், இரண்டு சீல், வளையம் எல்லாம் பட்டறையில் முடிந்தது. உட்சீலை உறைக்குள் அடிக்க வேண்டும். எந்தப் பக்கம் உள்ளே?

2025 மார்ச் 15

சுருள் கம்பி தெரியும் பக்கம் ஒயிலை நோக்கி, அதாவது உள்ளே. உறையின் வாயைத் துணியால் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். சீலின் வெளிவிளிம்பு அளவுக்குப் பொருந்தும் குழாய்த் துண்டையோ பெரிய சொக்கெட்டையோ வைத்து, நேராக, மெதுவாகத் தட்டுங்கள். ஒரு ஓரத்தில் அடித்தால் சீல் சாய்ந்து இறங்கும், சாய்ந்த சீல் அன்றைக்கே ஒழுகும். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்ததென்று கழற்றும்போது அளந்திருப்பீர்கள், அதே ஆழம். உதட்டில் கிறீஸ் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் சில நிமிடத்திலேயே எரிந்துவிடும்.

தண்டை உள்ளே விடும்போதுதான் பல நல்ல சீல்கள் கெடுகின்றன. தண்டின் உள் நுனியிலுள்ள பற்கள் கூர்மையானவை. பாரத்தைச் சீலின் மேல் சாய்க்காமல், இருவர் தாங்கி, நடுவாக உள்ளே விட்டு, பற்கள் டிபரன்சியலில் கோக்கும் வரை தண்டைச் சிறிது சுழற்றுங்கள். உறைக்கும் தொகுதிக்கும் இடையிலுள்ள ஓ-வளையத்தையும் புதிதாகப் போடுங்கள்.

ஒயில் 2 லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும், துளையில் வழியும் வரை விடுங்கள். தண்ணீர் போன அக்ஸில் என்பதால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் இந்த ஒயிலையும் வடித்து மாற்றுவது நல்லது. பழைய ஈரம் உறையின் மூலைகளில் தங்கியிருக்கும், அது இதில்தான் வெளியே வரும். பிறேக்கில் காற்றெடுக்கும்போது, பின் அக்ஸிலோடு கம்பியால் இணைந்து, ஏற்றிய பாரத்துக்கு ஏற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாரவுணர் வால்வு உங்கள் வாகனத்தில் இருந்தால் அதிலும் காற்றெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, மிதி மென்மையாக இருக்கிறதென்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் 6 — முழங்காவில்

உலர்ந்தே இருக்கிறது அண்ணா. இரண்டாவது தடவை வடித்த ஒயிலில் நிறம் மாறவில்லை. இடது பக்கத்தையும் இப்போதே மாற்றிவிடவா?

2025 ஏப்ரல் 6, இரவு

வேண்டாம். இடது பக்கம் உலர்ந்திருக்கிறது, பெயரிங்கில் நடுக்கமும் இல்லை என்றால் அதைக் கழற்றித் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெயரிங்கும் அதே தண்ணீர் கலந்த ஒயிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆகவே சிறுபோக அறுவடைக்கு நெல் மூட்டை ஏற்றத் தொடங்கும் முன்னர், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஸ்பிரிங் தகட்டில் கை வைத்துப் பாருங்கள்.

வலது பக்கம் மறுபடியும் ஒழுகினால் சீல் வாங்க வேண்டாம். மூட்டைப் பாரத்தில் அக்ஸில் உறையே வளைந்திருக்கக்கூடும். வளைந்த உறைக்குள் தண்டு சீலின் நடுவில் ஓடாது, எந்தச் சீலும் நிலைக்காது. அப்போது பின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று சக்கரச் சீரமைப்புச் செய்யும் இடத்தில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.